“அவருக்கென்னப்பா, ரெண்டு பென்ஷன்!”

எங்கள் தெருப் பெரியவர் ஒருவரைப் பற்றி டீக்கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. “ரெண்டு பென்ஷன் வருது, ஊர் வேலையை இழுத்துப் போட்டுப் பார்க்கலாம்.” சொல்பவர்கள் வயிற்றெரிச்சலில்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

மனிதருக்கு வயது 85 ஆகிவிட்டது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். இருபது வயதில் மெட்ராஸ் ரெஜிமென்ட், வெலிங்டனில் பயிற்சி, 1965, 1971 என்று இரண்டு சண்டை. கதை கேட்டால் “குளிர்தான்யா ஞாபகம் இருக்கு” என்பதோடு முடித்துக்கொள்வார். 1977இல் பட்டாளத்தை விட்டு வந்து, 1980இல் முன்னாள் ராணுவத்தினர் கோட்டாவில் மதுரையில் ஒரு அரசு வங்கியில் கிளார்க். பித்தளை டோக்கன், தடித்தடி லெட்ஜர், பத்துப் பைசா இடித்தாலும் டேலி ஆகும்வரை வீட்டுக்குப் போக முடியாத காலம். 2000இல் ரிட்டயர்டு.

அதற்கப்புறம்தான் விஷயமே. அவர் வீட்டுத் திண்ணையில் காலை பத்து மணிக்கு இரண்டு பிளாஸ்டிக் சேர் விழும். பக்கத்தில் ஒரு ரெக்சின் பை: ஸ்டாம்ப் பேடு, கோந்து, ஸ்டேப்ளர், யார் யாரோ கொடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள். பென்ஷன் விண்ணப்பம், வங்கி நாமினி, வாரிசுச் சான்று, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு மனு, எதுவானாலும் அங்கேதான். காசு வாங்க மாட்டார். ஒரு பாட்டி வெள்ளரிப் பிஞ்சு கொண்டுவந்தபோது அதற்குக்கூடத் திட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அக்டோபர், நவம்பர் வந்தால் கூட்டம் அம்மும். பென்ஷன்தாரர்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டிய சீசன். 80 தாண்டியவர்களுக்கு அக்டோபரிலேயே தொடங்கிவிடும். முன்பெல்லாம் ரேகை வைக்கச் சொல்வார்கள். களை பறித்தே தேய்ந்த விரல், மெஷினில் விழவே விழாது. இப்போது செல்போனில் முகத்தைக் காட்டினால் போதும். பட்டாளத்துக்காரர் ஒருவரின் மனைவிக்கு, குடும்பப் பென்ஷனுக்காக இதைச் செய்துகொண்டிருந்தார். “ஆத்தா, போனைப் பாத்துக் கண்ணைச் சிமிட்டு.” கிழவி சொன்னது: “எண்பது வயசுல கண்ணடிக்கச் சொல்றியே, வெளங்குவியாப்பா நீ?” திண்ணையே சிரித்தது. நாலாவது தடவையில் சர்டிபிகேட் வந்துவிட்டது.

வங்கிக்காரர் என்பதால் இன்னொன்றிலும் கெட்டி. பத்து வருஷம் யாரும் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். போய்விட்டாலும் வாரிசு கேட்டால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இது எத்தனை குடும்பத்துக்குத் தெரியும்? கணவரின் பழைய பாஸ்புக்கைத் தூக்கிப் போட இருந்த ஒரு அம்மாவை நிறுத்தி, அந்தப் பணத்தை வாங்கிக் கொடுத்தார். சால்வை போட்டு ஃபிளெக்ஸ் வைக்கிற சேவைகள் இந்த ஊரில் ஏராளம். கவுன்டரில் “நாளைக்கு வாங்க” என்று சொல்பவரிடம் எந்த விதியைச் சொன்னால் இன்றைக்கே வேலை நடக்கும் என்று தெரிந்த ஆள்தான் அபூர்வம்.

சரி, டீக்கடைக்கு வருவோம். இந்த இருபத்தைந்து வருஷமும் அவர் நல்ல மனசால் மட்டும் நடந்தது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 15 வருஷ சர்வீஸ் முடித்த சிப்பாய்க்கு ஆயுசுக்கும் பென்ஷன். 80 வயதில் அதற்கு மேல் 20 சதவீதம், 85இல் 30 சதவீதம் கூடும். அதோடு வங்கிப் பென்ஷன். மாசம் பிறந்தால் சோற்றுக்குக் கவலையில்லை என்பதால்தான் அடுத்தவர் ஃபாரத்தில் அவரால் பொழுதைப் போட முடிகிறது. மதுரைக்கு இது புதுசும் இல்லை. ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்த டாக்டர் வெங்கடசாமி, அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வுபெற்ற பிறகுதான் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

இப்போது நிலைமை என்ன? 2010 ஏப்ரலுக்குப் பிறகு அரசு வங்கியில் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய பென்ஷன் இல்லை, சேர்த்த பணத்துக்கு ஏற்றபடி கிடைக்கும் என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்)தான். 2022இல் வந்த அக்னிபத் என்ற ராணுவ ஆள்சேர்ப்புத் திட்டத்தில் நாலு வருஷம்தான் வேலை. நூற்றில் 25 பேர் வரை பட்டாளத்திலேயே தொடரலாம், மற்றவர்கள் சுமார் 11.7 லட்சத்தோடு வீட்டுக்கு. பென்ஷன் கிடையாது. பட்டாளத்துக்குப் பையன்களை அனுப்பியே பழகிய உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்து ஊர்களில் இனி 60 வயதில் திண்ணையில் சும்மா உட்கார யாருக்கு முடியும்? செக்யூரிட்டி வேலைக்குத்தான் போவார்கள். அரசாங்கம் பென்ஷன் செலவைக் கணக்குப் பார்க்கிறது. அந்தச் செலவில் ஊருக்கு ஓசியில் கிடைத்த இந்த வேலையை எந்த லெட்ஜரிலும் யாரும் எழுதவில்லை.

நான் தனியார் கம்பெனி ஆள். பிஎஃப்பில் வரப்போகிற பென்ஷன் கேஸ் சிலிண்டருக்குக் காணாது. அவர் பார்க்கிற வேலையை நாளைக்கு நான் பார்த்தால், “ஃபாரம் ஒன்றுக்கு ரூ. 100” என்று போர்டு மாட்டிவிட்டுத்தான் உட்காருவேன். கோவித்துக்கொள்ளாதீர்கள்.