குறட்டையை மயக்க மருந்து வைத்தியரிடம் மறைக்காதீர்கள்

"குறட்டை நல்ல நித்திரையின் அடையாளம். ஒப்பரேசனுக்கு முன் அதைச் சொன்னால் திகதியைத் தள்ளிவிடுவார்கள், சொல்லாதீர்கள்." கிளிநொச்சி, முல்லைத்தீவு பக்கம் வட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி பிழை. ஆபத்தானதும்கூட.

உரத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறி எழும்புதல், பகலில் தூங்கி விழுதல் எல்லாம் நித்திரை மூச்சுத்தடை நோயாக இருக்கலாம். பலருக்குத் தமக்கு இது இருப்பதே தெரியாது. பக்கத்தில் படுக்கும் மனுசிக்கோ பிள்ளைக்கோதான் தெரியும், ஆகவே கிளினிக்குக்கு அவர்களையும் கூட்டிப் போங்கள். மயக்க மருந்தும் மோர்பின் போன்ற வலி மருந்துகளும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி, மூச்சையும் மந்தமாக்கும். மூச்சு தடைப்படும் ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்து இதயம் சிரமப்படும். சத்திரசிகிச்சைக்குப் பின், குறிப்பாக இதயச் சத்திரசிகிச்சைக்குப் பின், இவர்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் வாய்ப்பு கூட.

சொன்னால் பெரும்பாலும் மாறுவது திகதி அல்ல, மருந்தின் அளவும் கண்காணிப்பும்தான். 'ஸ்டொப்-பாங்' என்ற 8 கேள்விகளாலேயே ஆபத்தைக் கணிக்கலாம். கழுத்துச் சுற்றளவும் அதில் ஒன்று.

சந்தேகமென்றால் உங்கள் வைத்தியசாலையின் மயக்க மருந்து வைத்தியரிடம் கேளுங்கள், அல்லது சுகாதார அமைச்சின் 1999 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனிப் பகிராதீர்கள். அனுப்பியவருக்கு இதை அனுப்புங்கள்.