அது பெனல்டி

நேற்று இரவு எங்கள் டொரொன்டோ மேப்பிள் லீஃப்ஸும் ஃப்ளோரிடா பாந்தர்ஸும் மோதிய ஐஸ் ஹொக்கியில், 2025 பிளேஓஃப் (கோப்பைக்கான இறுதிக்கட்டம்) தொடரின் முதலாவது ஆட்டத்தில் நடந்ததை நான் விளக்கத் தேவையில்லை. இந்நேரம் அந்த வீடியோவை ஆளுக்குப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பீர்கள். கோலுக்கு முன்னால் சறுக்கிப் போகிற சாக்கில் ஃப்ளோரிடாவின் சாம் பெனட்டின் முழங்கை எங்கள் கோலி (கோல் காப்பாளர்) ஸ்டோலார்ஸின் தலையில் இறங்குகிறது. நடுவரின் கை உயரவில்லை. பிறகு ஸ்டோலார்ஸ் பெஞ்சில் குனிந்து வாந்தி எடுக்கிறார். அப்புறம் ஆஸ்பத்திரி. 2024இல் இருவரும் ஃப்ளோரிடாவில் ஒரே அணியில் இருந்து ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியவர்கள். இன்றைக்கு லீக் (NHL) முடிவு சொல்லிவிட்டது: பெனட்டுக்குத் தடை இல்லை.

அது பெனல்டி. அடித்தவர் சில நிமிடம் களத்துக்கு வெளியே உட்காரவேண்டிய குற்றம். 5-4 என்று வென்றுவிட்டோமே, பிறகென்ன என்று இன்பொக்ஸில் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வென்றாலும் அது பெனல்டிதான்.

2023 பிளேஓஃபில் இதே பெனட் எங்கள் மேத்யூ நைஸைத் தரையில் சாய்த்தார். நைஸுக்குக் கன்கஷன் (மூளை அதிர்ச்சி), அந்தத் தொடரே அவருக்கு முடிந்தது. தடை இல்லை. அதே ஆட்டத்தில் எங்கள் இன்னொரு வீரர் பண்டிங்கைத் தடியால் தாக்கியதற்கு 5,000 டொலர் அபராதம், அவ்வளவுதான். 2024இல் பொஸ்டன் வீரர் மார்ஷண்டின் தலையில். அவர் இரண்டு ஆட்டம் வெளியே இருந்தார், பெனட்டுக்கு ஒன்றும் இல்லை. இப்போது ஸ்டோலார்ஸ். மூன்று வருடம், மூன்று தலை.

எங்கள் மோர்கன் ரைலி 2024இல் ஒட்டாவாவின் கிரேக்கைத் தலையில் தடியால் தாக்கியபோது 5 ஆட்டத் தடை. அதுவரை ஒருநாளும் தடை வாங்காத மனுசன். தப்பு தப்புத்தான் என்று அன்றைக்கு இங்கேயே எழுதினேன், பலர் என்னோடு கோபித்தார்கள். அதே அளவுகோலைத்தான் இன்றைக்கும் கேட்கிறேன்.

நடுவர் களத்தில் ஐந்து நிமிடப் பெனல்டி என்று கை தூக்கினால்தான் அதைத் திரையில் மறுபடி பார்க்கலாம். கை தூக்காவிட்டால் அரங்கம் முழுக்கப் பார்த்ததை அவர் பார்க்கவே முடியாது. 2010இல் மாட் குக் என்ற வீரர், எதிரணியின் மார்க் சவார்டின் தலையில் மோதிவிட்டுத் தடையில்லாமல் போன பிறகுதான் தலையடிக்கென்று 48ஆம் விதி வந்தது. 15 வருடம் ஆகிவிட்டது.

என் மகனும் கோலி. பதினொரு வயது. போன மார்கழியில் ஒரு பையன் வேகமாக வந்து அவன்மேல் மோதினான். எழுந்துவிட்டான், ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். காரில் வரும்போது "ஸ்கோர் என்னப்பா?" என்று கேட்டான். சொன்னேன். இரண்டு சிக்னல் தாண்டி மறுபடி கேட்டான். மூன்றாவது தடவை கேட்டபோது என் கை ஸ்டீரிங்கில் நிற்கவில்லை. ஓரமாக நிறுத்துவதற்குள் வாந்தி. என் ஜாக்கெட்டை விரித்துப் பிடித்தேன். அந்த மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது. நேற்று ஸ்டோலார்ஸ் குனிந்ததும் மகன் ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்விட்டான்.

அன்றைக்கு நடுவராக நின்றது ஒரு பள்ளிக்கூடப் பையன். பதினாறு வயது இருக்கும். உடனே விசில் ஊதினான். மோதியவனின் அப்பா கண்ணாடியில் அடித்துக் கத்தியும் அவன் முடிவை மாற்றவில்லை.

ஸ்டோலார்ஸ் வாந்தி எடுத்ததற்கு, முன்னமே ஃப்ளோரிடாவின் ரைன்ஹார்ட் அடித்த ஷொட் அவர் முகமூடியில் பட்டதுதான் காரணம் என்கிறார்கள். இருக்கலாம், நான் டொக்டர் இல்லை. ஆனால் ஏற்கெனவே அடிபட்ட தலையில் முழங்கை விழுந்தால் அது சின்ன விஷயமாகிவிடுமா? பிளேஓஃப் என்றால் அப்படித்தான் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. மண்டையோடு மே மாதத்தில் தடித்துவிடுவதில்லை.

"அண்ணை, நீங்கள் கிரிக்கெட் பாருங்கோ" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, நான் மட்ஸ் சண்டின் லீஃப்ஸுக்குக் கப்டனாக இருந்த காலத்திலிருந்து பார்க்கிறேன். இங்கிலிஷ் வாயில் வராத நாளில், வேலைத்தளத்தில் மற்றவர்களோடு சேர்ந்து இருந்து சாப்பிட எனக்கு இருந்த ஒரே பேச்சு லீஃப்ஸ்தான். "நேற்று பார்த்தாயா?" அந்த இரண்டு வார்த்தையில்தான் எனக்கு இந்த ஊரில் ஆட்கள் கிடைத்தார்கள். இந்த விளையாட்டு எனக்கும் சொந்தம். அதனால்தான் வலிக்கிறது.

நாளை இரண்டாவது ஆட்டம். பெனட் ஆடுவார். மகன் பார்க்க வரமாட்டேன் என்கிறான்.