நந்தாவுக்கு முந்தைய நான்கு வருடங்கள்

நடிகர் சிவகுமாரின் மகன் என்பதால் நடிகர் சூர்யாவுக்கு எல்லாம் சுலபமாகக் கிடைத்தது என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். வாய்ப்பு கிடைத்தது உண்மைதான், மறுக்கவில்லை. சரவணன் என்ற இயற்பெயர் கொண்ட அந்தப் பையன் ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, 1997-ல் வசந்த் இயக்கிய 'நேருக்கு நேர்' படத்தில் விஜய்யோடு அறிமுகமானார். மணிரத்னம் தயாரிப்பு. வேறு யாருக்கு அப்படி ஒரு தொடக்கம் அமையும்?

ஆனால் அதற்கப்புறம் நடந்ததையும் எழுதியிருக்க வேண்டும். அப்போது நான் கடலூரில் கல்லூரி மாணவன். மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூருக்கு சைக்கிள் மிதித்துப் போய்ப் படம் பார்ப்போம். 'பெரியண்ணா', 'பூவெல்லாம் கேட்டுப்பார்' எல்லாம் பார்த்தோம். நடனம் வரவில்லை, முகத்தில் பயம் தெரிகிறது என்று திரும்பும் வழியெல்லாம் பேசுவோம். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்த எங்களிடம் அவருடைய அப்பா பெயர் செல்லுபடியாகவில்லை.

2001-ல் பாலாவின் 'நந்தா' வந்தது. சிறார் சிறையிலிருந்து திரும்பிய மகன், பேச முடியாத அம்மா. அந்த அம்மா கடைசியில் சோறு ஊட்டும் காட்சியில் சூர்யாவின் கண்களைப் பார்த்துவிட்டு, எங்கள் கூட்டத்தில் ஒருவனும் வாய் திறக்கவில்லை. வீடு வரைக்கும் மௌனமாகவே சைக்கிள் மிதித்தோம். தமிழக அரசின் சிறந்த நடிகர் விருதும் அதற்குத்தான். 2003-ல் 'காக்க காக்க', அதே வருடம் 'பிதாமகன்'. விறைப்பான போலீஸ் அதிகாரியும் வாயாடி ஏமாற்றுக்காரனும் ஒரே ஆள்தான்!

அடுத்த முறை எழுதும்போது அந்த நான்கு வருடங்களுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள் சார்.