டோவர் வழக்கும் "இரண்டையும் கற்பிக்கலாம்" என்ற வாதமும்

பள்ளியில் பரிணாமம் கற்பிப்பது பற்றிய விவாதத்தை ஆத்திகர், நாத்திகர் பூசலாகக் காட்டும் ஒரு கட்டுரைக்கு இது என் மறுமொழி. உயிர்களைக் கடவுளே படைத்தார் என்னும் படைப்புக் கொள்கை, பரிணாமம் இரண்டையும் வகுப்பில் வைத்துவிட்டு முடிவை மாணவர்களிடமே விடலாம் என்று கட்டுரையாளர் கூறுவது நியாயமாகத் தோன்றினாலும், அந்த யோசனை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2005ஆம் ஆண்டு டோவர் வழக்கிலேயே விரிவாகச் சோதிக்கப்பட்டுவிட்டது. உயிர்களை ஓர் அறிவுள்ள சக்தி வடிவமைத்தது என்னும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற கருத்தை டோவர் ஊரின் பள்ளி வாரியம் உயிரியல் வகுப்பில் நுழைத்ததை எதிர்த்து 11 பெற்றோர் வழக்குத் தொடுத்தனர்.

அவ்விசாரணையில் என்னை மிகவும் ஈர்த்தவை புதைபடிவங்கள் அல்ல. மாணவர்களுக்குச் சுட்டப்பட்ட துணைநூலின் பழைய வரைவுகள்தாம். படைப்பு அறிவியலைப் பொதுப்பள்ளிகளில் கட்டாயமாக்கும் சட்டம் செல்லாது என்று 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, அவ்வரைவுகளில் 'படைப்புவாதிகள்' என்றிருந்த இடங்களில் 'வடிவமைப்பை முன்மொழிவோர்' என்ற தொடர் ஏறியிருந்தது. ஓரிடத்தில் பழைய சொல்லும் புதிய சொல்லும் ஒட்டிக்கொண்டு, இரண்டும் அல்லாத ஒன்றாக நின்றுவிட்டது. (பரிணாமம் உண்மையென்றால் ஓர் இனம் மற்றொன்றாக மாறும் வழியிலிருந்த இடைநிலை உயிரி எங்கே என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான விடை வாய்க்காது.)

வாரியத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்த நீதிபதி ஜான் ஜோன்ஸ், அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷால் நியமிக்கப்பட்டவர். பெற்றோர் தரப்பில் சாட்சியளித்த உயிரியலாளர் கென்னத் மில்லர் கத்தோலிக்க நம்பிக்கை உடையவர். ஆகவே, இதனை ஆத்திகருக்கும் நாத்திகருக்கும் இடையிலான பூசலாகக் கட்டுரை சித்திரிப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.