கலந்த ஒயின் மட்டமில்லை, அதை வைத்திருக்கும் சூடுதான் மட்டம்

தீபாவளி நெருங்கினால் சுங்கை சிப்புட்டில் சிவப்பு ஒயின் வாங்குகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். கூடவே ஒரு பேச்சும் வரும்: “ரெண்டு திராட்சையைக் கலந்ததா? அப்ப அது மட்டம்.” இதை ஒப்புக்கொள்ளவே முடியாது. நல்ல கலவையில் வேலை அதிகம்.

காபர்னே சாவிஞ்ஞோன், ஷிராஸ் என்ற இரண்டு திராட்சைகள் சேர்ந்த ஆஸ்திரேலியக் கலவையையே எடுத்துக்கொள்வோம். காபர்னே சின்னப் பழம், தடித்த தோல். அதனால் துவர்ப்பு கூடுதல். வாயில் பட்டதும் பிடிக்கும், விழுங்கிய பிறகும் நிற்கும், இடையில் மட்டும் சதைப்பிடிப்பு இருக்காது. அந்த இடத்தை நிரப்புவது ஷிராஸ். கரும்பழமும் மிளகும் கலந்த வாசம், வழுவழுப்பு. வெயில் பூமியில் தனியாக விட்டால் ஷிராஸ் கொழகொழத்துப் போகும், காபர்னேதான் அதை இழுத்துப் பிடிக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் போர்டோ வியாபாரிகளே ரோன் பள்ளத்தாக்கு ஷிராஸை வாங்கித் தங்கள் ஒயினுக்குத் தெம்பேற்றினார்கள். இன்று அங்கே சட்டம் விடாது. ஆஸ்திரேலியாவில் அதையே லேபிளில் போட்டு விற்கிறார்கள்.

கலப்பது என்றால் இரண்டு பீப்பாயை ஒன்றில் கவிழ்ப்பதில்லை. ஷிராஸ் முன்னால் பழுக்கும், காபர்னே பிந்தும். தனித்தனியே அறுத்து, புளிக்கவைத்து, ஓக் பீப்பாயில் வளர்த்து, பிறகுதான் மேசைக்கு வரும். 100 மில்லி அளவுக் குழாயில் 50க்கு 50, 55க்கு 45, 60க்கு 40 என்று ஊற்றிச் சுவைப்பார்கள். பிடித்ததை மூடி வைத்து மறுநாள் திரும்பவும் பார்ப்பார்கள், ஏனென்றால் கலந்த உடனே வரும் சுவை நம்பத்தக்கதல்ல. கெடுவது எங்கே? காபர்னே பழுக்காமல் அறுத்திருந்தால் பச்சைக் குடைமிளகாய் நெடி அடிக்கும், எத்தனை ஷிராஸ் ஊற்றினாலும் அது மறையாது. ஒரு பங்கில் மாலிக் அமிலம் (திராட்சையின் இயற்கைப் புளிப்பு) மிச்சமிருந்தால் போத்தலுக்குள்ளேயே மறுபடி நொதித்து நுரை தட்டும். தனித்தனியே தெளிந்து நின்ற இரண்டு ஒயின்கள் சேர்ந்ததும் உப்புப் படிகம் கட்டுவதும் உண்டு. ஆகவே கலந்த பிறகும் சோதனை தேவை.

இந்தக் கலவைக்குப் பேர்போன குடும்ப நிறுவனம் யாலும்பா. தென் ஆஸ்திரேலியாவில் பரோசாவின் ஆங்காஸ்டனில் 1849இல் தொடங்கியது. நிறுவிய சாமுவேல் ஸ்மித் இங்கிலாந்தின் டார்செட்டிலிருந்து வந்த மதுவடிப்பாளர். பகலில் பெரிய நிலக்கிழாரிடம் தோட்ட வேலை, இரவில் நிலா வெளிச்சத்தில் சொந்த நிலத்தில் கொடி நடவு என்று அந்தக் குடும்பம் சொல்கிறது. இதில் வியக்க நமக்கு ஒன்றுமில்லை. விடியலில் தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரம் வெட்டிவிட்டு மாலையில் சொந்தக் காய்கறிப் பாத்தியைக் கொத்தியவர்கள் நம் லயத்து வீடுகளில் நிறைய. அவர்கள் நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டதில்தான் வித்தியாசம். 1989இல் அதே குடும்பத்து ராபர்ட் ஹில்-ஸ்மித்தும் தம்பி சாமும் மற்ற உறவினர்களின் பங்குகளை வாங்கினார்கள், நிறுவனம் வெளியாள் கைக்குப் போகவில்லை. தோட்டத்தைக் கூறுபோட்டு விற்கும் துண்டாடல் என்றால் என்னவென்று நம் ஊருக்குச் சொல்லித்தர வேண்டாம்; தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்க துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பியதே அதனால்தான்.

யாலும்பாவின் ‘தி சிக்னேச்சர்’ என்ற காபர்னே ஷிராஸ் கலவை 1962இல் தொடங்கியது. நிறுவனத்துக்கு உழைத்த ஒருவரின் கையெழுத்து ஒவ்வொரு ஆண்டு லேபிளிலும் இருக்கும். பல ஆண்டுகளில் காபர்னே பாதிக்குச் சற்று மேல். பீப்பாய் செய்யும் பட்டறையும் அவர்களுடையதே. விலை கூடுதல்தான். விலை குறைந்த காபர்னே ஷிராஸ்களும் பல நிறுவனங்களிலிருந்து வருகின்றன. லேபிளில் எந்தப் பெயர் முதலில் இருக்கிறதோ அந்தத் திராட்சைதான் அதிகம், இது ஆஸ்திரேலியச் சட்டம். துவர்ப்பு பிடிக்காதவர்கள் ‘ஷிராஸ் காபர்னே’ என்று இருப்பதை எடுங்கள்.

இனி நம் தவறுக்கு வருவோம். அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்பது குளிர் நாட்டுப் பேச்சு. அந்த அறை 16 முதல் 18 பாகை, நம் கூடம் 31. அந்தச் சூட்டில் 14.5 விழுக்காடு மதுசாரம் உள்ள ஒயினை ஊற்றினால் மதுசாரம்தான் மூக்கில் ஏறும், பழ வாசமே தெரியாது. குளிர்ப்பெட்டியில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள். அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் பாதிப்பாதி போட்ட வாளியில் 10, 12 நிமிடம். வெறும் ஐஸ் போதாது, போத்தலைச் சுற்றித் தண்ணீர் இருந்தால்தான் சீக்கிரம் குளிரும். கிளாஸுக்குள் ஐஸ் போடுவது தண்ணீருக்குக் காசு கொடுத்த மாதிரி.

வாங்கும்போதே பாருங்கள். தக்கை மேலே எழும்பியிருந்தால், கழுத்தோரம் பிசுபிசுத்தால், அது வெயிலில் வெந்த போத்தல். திருகு மூடியில் இந்த அடையாளம் தெரியாது, ஆகவே ஏர்கோன் ஓடாத கடையின் கண்ணாடி ஓரத்தில் நிற்பதைத் தொடாதீர்கள்.

சாப்பாட்டில் ஆட்டுக்கறிப் பெரட்டல் பொருந்தும். கொழுப்பும் உப்பும் துவர்ப்பை அடக்கும். மிளகு தூக்கலாக, மிளகாய் கம்மியாக இருக்கட்டும். சம்பல் வேண்டாம், மிளகாய்க் காரத்தின் மேல் மதுசாரம் சேர்ந்தால் நாக்கு எரியும். மீன் குழம்போடு சிவப்பு ஒயின் இரும்பு வாடை அடிக்கும்.

அளவும் தெரிந்திருக்கட்டும். 14.5 விழுக்காடு ஒயினின் 750 மில்லி போத்தலில் இருக்கும் மதுசாரம் 5 விழுக்காடு பீரில் 2.2 லிட்டருக்குச் சமம், ஏறக்குறைய மூன்றரைப் பெரிய போத்தல். பீர் கிளாஸில் நிரப்பிக் குடிக்கிற சரக்கில்லை இது. மிச்சமானால் மூடிக் குளிர்ப்பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள், மூன்று நாள் தாங்கும். மேசையிலேயே விட்டால் நம் சூட்டில் மறுநாளே களையிழந்துவிடும்.