முதலெழுத்து ஒன்றானால் சொந்தமாகிவிடுமா?

ஆங்கிலச் சொல்வளம் வளர்க்க என்று விற்கும் கையேடுகள் பலவற்றின் அமைப்பு ஒன்றுதான். 'ஏ'யில் தொடங்கும் சொற்கள், 'பி'யில் தொடங்கும் சொற்கள், எதிரே தமிழ்ப் பொருள். 'அபேட்' என்றால் தணி, அடுத்த வரியிலேயே 'அபெட்' என்றால் குற்றத்துக்கு உடந்தையாக இரு. பிள்ளை ராத்திரி உட்கார்ந்து உருப்போடுகிறது, ஒரு வாரத்தில் இரண்டும் குழம்பிவிடுகிறது. பிள்ளையின் ஞாபகசக்தியைக் குறை சொல்லாதீர்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்து பொருளில் ஒட்டாத சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று அழிக்கும். தகவமைத்துக்கொள்வதற்கும் தத்தெடுப்பதற்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டுமே 'அடாப்ட்' தான். நடுவில் ஏ, ஓ என்ற ஓரெழுத்துதான் வித்தியாசம். இந்த இரண்டையும் ஒரே நாளில் நடத்தவே கூடாது. முதல் சொல் வாக்கியத்தில் தானாக வர ஆரம்பித்த பிறகே அடுத்தது.

சேர்த்துப் படிக்க வேண்டியவை வேறு. 'இன்கரெக்ட்', 'இம்பாசிபிள்', 'இல்லீகல்', 'இர்ரெகுலர்' நான்கையும் கையேடு நான்கு பக்கங்களில் சிதறடித்து வைத்திருக்கும். நான்கிலும் இருப்பது 'இல்லை' என்று சொல்லும் ஒரே லத்தீன் 'இன்' தான். தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்க ஒரு நிமிடம் போதும். செம்மையோடு தமிழ் சேர்ந்தால் செந்தமிழ், கல் சேர்ந்தால் செங்கல், மண் சேர்ந்தால் செம்மண். பின்னால் வரும் எழுத்துக்கு ஏற்ப முன்னது மாறுகிறது. அங்கேயும் அதேதான்: உதடு மூடிச் சொல்லும் பி, எம் வந்தால் 'இன்' என்பது 'இம்' ஆகும். எல் வந்தால் 'இல்', ஆர் வந்தால் 'இர்'. புணர்ச்சி விதியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு இதை மனப்பாடம் செய்யச் சொல்வது அநியாயம்.

இதில் எழுத்துப்பிழையும் தீரும். 'இல்லீகல்' சொல்லில் எல் ஏன் இரண்டு? ஒன்று முன்னொட்டு மாறி வந்தது, மற்றது 'லீகல்' சொல்லின் சொந்தம். 'மிஸ்ஸ்பெல்' என்பது மிஸ், ஸ்பெல் இரண்டும் சேர்ந்தது, அதனால் எஸ் இரண்டு. 'டிஸப்பியர்' என்பது டிஸ், அப்பியர் சேர்ந்தது, அதனால் எஸ் ஒன்று, பி இரண்டு. பலபேர் இங்கே மாற்றிப் போடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல் 'அக்காமடேஷன்'. லத்தீன் 'ஆட்' என்பதன் டி, அடுத்து வரும் சி-யைப் பார்த்துத் தானும் சி ஆகிவிட்டது. அடுத்தது 'காம்', அதற்கடுத்தது 'மோட்' என்ற வேர். ஆகவே சி இரண்டு, எம் இரண்டு. சொல்லின் துண்டுகள் சேரும் மூட்டு தெரிந்தவர் கை இதில் தடுமாறாது.

ஆனால் எல்லா 'இன்'னும் 'இல்லை' அல்ல. உள்ளே என்று பொருள்படும் இன்னொரு 'இன்' இருக்கிறது. பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். அரைகுறையாக விதி படித்தவர் 'தீப்பிடிக்காதது' என்று எடுத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. தீ மூட்டு என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. 'ஃப்ளேமபிள்', 'இன்ஃப்ளேமபிள்' இரண்டுக்கும் எளிதில் தீப்பிடிக்கும் என்றே பொருள். தீப்பிடிக்காததற்கு 'நான்-ஃப்ளேமபிள்'. இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் 1920-களிலேயே அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதுங்கள் என்று வலியுறுத்தியது.

போலி உறவுக்கு நம் சொல்லே நல்ல சாட்சி. 'கேட்டஸ்ட்ராஃபி', 'கேட்டராக்ட்' இரண்டிலும் முன்னால் நிற்பது 'கீழே' என்று பொருள்படும் கிரேக்க 'கட்டா'. கீழே கவிழ்ந்த நிலை பேரழிவு, மேலிருந்து கொட்டுவது அருவி (கண்புரைக்கும் இதே 'கேட்டராக்ட்' தான்). அகராதியில் இவற்றுக்கு அருகிலேயே 'கேட்டமரன்' நிற்கும். அதில் கிரேக்கம் துளியும் இல்லை. கட்டிய மரம், கட்டுமரம்.

முன்னொட்டு அல்லாத மூன்றாவது வகை ஒன்றும் உண்டு, அதைப் பெரும்பாலோர் கண்டுகொள்வதில்லை. 'ஸ்னிஃப்', 'ஸ்னோர்', 'ஸ்னௌட்', 'ஸ்னீஸ்': மோப்பம், குறட்டை, விலங்கின் மூஞ்சி, தும்மல். எல்லாம் மூக்கைச் சுற்றியே. 'ஸ்ன்' என்பதைத் தனியே வெட்டி எடுத்தால் அதற்குப் பொருள் கிடையாது, ஆனாலும் கூட்டமாக வரும்போது மூக்கு வாடை வீசுகிறது. இப்படிப்பட்ட ஒலிக்கொத்துக்கு மொழியியலாளர் ஜே.ஆர். ஃபர்த் 1930-இல் 'ஃபோனெஸ்தீம்' என்று பெயர் வைத்தார். தும்மலுக்கான பழைய ஆங்கிலச் சொல் 'ஃப்ன்' என்று தொடங்கியது. அந்த ஒலிச்சேர்க்கை வழக்கொழிந்தபோது அது இந்த மூக்குக் கூட்டத்தில் வந்து சேர்ந்துகொண்டது. 'க்ளோ', 'க்ளிட்டர்', 'க்ளீம்', 'க்ளிம்மர்' ஒளிக் கூட்டம். 'ரிங்', 'ரெஞ்ச்', 'ரிகிள்', 'ரெஸ்ட்' ஆகியவற்றில் ஆர் முன்னால் ஊமை டபிள்யூ போட்டு எழுதுபவை முறுக்கல், திருகல், நெளிதல் கூட்டம். துணி பிழிவதற்கும் ஸ்பேனர் திருகுவதற்கும் அதுதான். ஆனால் 'ஸ்னோ', 'க்ளூ' போன்றவை வெளியாட்கள். இது சாய்வு மட்டுமே, விதி அல்ல. இதை வைத்துத் தெரியாத சொல்லுக்குப் பொருள் ஊகிக்கக் கூடாது, தெரிந்த சொல்லை நினைவில் இறுக்கிக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியது இதுதான். நோட்டில் ஒரு முன்னொட்டுக்கு ஒரு பக்கம். ஐந்தாறு சொல் போதும், ஒவ்வொன்றிலும் மூட்டு விழும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. கோட்டுக்குப் பின்னால் மிஞ்சுவது தனிச் சொல்லாக நிற்க வேண்டும், அல்லது வேறு சொல்லிலும் அதே பொருளோடு வர வேண்டும். 'ப்ரீபெய்ட்' தேறும். 'ப்ரெஷியஸ்' தேறாது, அது விலை என்ற சொல்லின் வழி வந்தது. 'அன்லாக்' தேறும், 'அங்கிள்' தேறாது. 'ப்ரிவென்ட்', 'இன்வென்ட்' இரண்டிலும் மிஞ்சும் 'வென்ட்' லத்தீனில் வருதல். முன்னால் வந்து நின்றால் தடுத்தல், தேடி வந்து எட்டினால் கண்டுபிடிப்பு. பக்கத்தின் அடியில் நான்கு வரி காலியாக விட்டு, தேறாதவற்றைச் சிவப்பு மையில் எழுதுங்கள். 'இல்லை' என்று சொல்லும் 'இன்' பக்கத்தில் அந்த இடத்துக்கு முதலில் போக வேண்டியது 'இன்ஃப்ளேமபிள்': மிஞ்சுவது தனிச் சொல்லாக நிற்கும், ஆனால் பொருள் எதிராகாது.