ஹார்ட்விக் மாளிகை: கண்ணாடியைப் பார்த்தது போதும், சுவரைப் பாருங்கள்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் இருக்கும் ஹார்ட்விக் மாளிகையைப் பற்றி யார் எழுதினாலும் ஜன்னலில் தொடங்கி ஜன்னலிலேயே முடித்துவிடுகிறார்கள். ‘சுவரைவிடக் கண்ணாடி அதிகம்’ என்று அந்த வீட்டைப் பற்றிப் பழைய சொலவடையே உண்டு. பெஸ் என்ற பணக்கார விதவை ஒருத்தி தன் செல்வத்தைப் பறைசாற்றக் கட்டிய வீடு என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடும். அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

செல்வச் செருக்கு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நான்காவது கணவரான ஷ்ரூஸ்பரி பிரபு இறந்த 1590-இலேயே பெஸ் இந்த வீட்டைத் தொடங்கிவிட்டார், 1597-இல் குடியேறினார். ஆறு கோபுரங்களின் உச்சியிலும் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் நிறுத்தினார். கண்ணாடி அப்போது கொள்ளை விலை. ஆனால் காசு இருந்தால் கண்ணாடி வாங்கலாம், அவ்வளவுதான். அத்தனை கண்ணாடிக்கு நடுவே மூன்று மாடிக் கல் கட்டடத்தை நிற்க வைக்கக் காசு மட்டும் போதாது.

ஜன்னலை அகலமாக்க ஆக்கச் சுவர் மெலிகிறது. அந்தச் சுவரிலேயே கணப்பையும் புகைபோக்கியையும் வைத்தால் ஜன்னலுக்கு இடமே மிஞ்சாது. ஹார்ட்விக்கில் புகைபோக்கிகளை உட்சுவர்களுக்குள் தள்ளிவிட்டார்கள். அந்தத் தடித்த உட்சுவர்கள் வீட்டின் நடுவே நின்று பாரத்தை வாங்கிக்கொள்வதால்தான் முகப்பு முழுக்கக் கண்ணாடிக்கு விடுதலை கிடைத்தது. வெளியிலிருந்து பார்த்து வியக்கிற அழகுக்கெல்லாம் கண்ணில் படாத அந்தச் சுவர்தான் காரணம்.

இதைவிடப் பெரிய துணிச்சல் கூடத்தில் இருக்கிறது. ஆங்கிலேயப் பிரபுக்களின் வீடுகளில் பெருங்கூடம் முகப்புக்கு இணையாக நீளும். வாசல் அதன் ஒரு கோடியில் திறக்கும். அதனால் வாசலை முகப்பின் நடுவில் வைப்பது பெரும்பாடு. இங்கே கூடத்தையே குறுக்காகத் திருப்பி, வாசலிலிருந்து நேராக வீட்டை ஊடுருவிப் போகும்படி அமைத்தார்கள். இடமும் வலமும் சமமாக அமைந்த முகப்பு, உள்ளே வளைத்து ஒடிக்காமல் தானாகவே வாய்த்துவிட்டது. இந்த வரைவு ராபர்ட் ஸ்மித்சனுடையது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. கல்தச்சராகத் தொடங்கியவர் அவர். இந்த வீட்டைப் பார்த்து பெஸ்ஸின் பெயரைச் சொல்கிறவர்கள் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாடி ஏற ஏற ஜன்னல்கள் உயரமாவதும் வெறும் அலங்காரம் அல்ல. தரைத்தளம் பணியாளர்களுக்கு, முதல் மாடி குடும்பத்துக்கு, இரண்டாம் மாடி அரச விருந்தினருக்கு. ஒவ்வொரு மாடிக்கும் கூரை கூடுதல் உயரம். வீட்டின் படிநிலையை வெளியே நின்றே ஜன்னலில் படித்துவிடலாம். கல்படிகள் வீட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறி, உச்சியில் உள்ள பெரிய அறையில் கொண்டுபோய் விடுகின்றன. அங்கே சுவரின் மேற்பகுதி நெடுகச் சுண்ணச் சாந்தில் வனைந்து வண்ணம் தீட்டிய காடு. மரங்களுக்கிடையே மிருகங்கள், நடுவே வேட்டைத் தெய்வம் டயானா. வேறெந்த அறையிலும் நான் அவ்வளவு நேரம் அண்ணாந்து நின்றதில்லை.

அதே மாடியின் நீண்ட காட்சிக்கூடத்தில் தொங்கும், பைபிள் வீரன் கிதியோனின் கதையைச் சொல்லும் திரைச்சீலைகள், 1592-இல் எலிசபெத் ராணியின் அமைச்சராக இருந்த கிறிஸ்டோபர் ஹாட்டனின் குடும்பத்திடம் வாங்கியவை. அவற்றிலிருந்த ஹாட்டனின் சின்னத்தை மறைக்க ஆகும் செலவென்று பெஸ் விலையில் 5 பவுண்டு குறைத்துக் கொடுத்தார். ஹாட்டனின் பெண்மானுக்குக் கொம்பு வரைந்து தன் குடும்பத்துக் கலைமானாக மாற்றிக்கொண்டார். செலவாளிதான், ஆனால் ஒவ்வொரு காசுக்கும் கணக்குத் தெரிந்த செலவாளி.

பின்னாளில் இவருடைய வழிவந்த டெவன்ஷயர் பிரபுக்கள் பெரும்பாலும் தங்கள் இன்னொரு மாளிகையான சாட்ஸ்வொர்த்திலேயே வாழ்ந்ததால், காலத்துக்கேற்ற இடிப்பும் மாற்றமும் ஹார்ட்விக்கை அதிகம் தீண்டவில்லை. 1959 முதல் அது, பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது.

போகிறவர்கள் நேராகப் புது மாளிகைக்குள் நுழைந்துவிடாதீர்கள். பக்கத்திலேயே பெஸ் 1587-இல் தொடங்கிய பழைய மாளிகை, கூரையிழந்து இடிபாடாக நிற்கிறது. அதுவும் அவர் காசுதான், அதுவும் அதே குன்றுதான். ஆனால் கட்டக் கட்ட ஒட்டிச் சேர்த்தது. ஒரு பக்கம் மறுபக்கத்துக்கு இணங்காது. முதலில் அதற்குள் அரை மணி நேரம் நடந்துவிட்டு, பிறகு இந்தப் பக்கம் வாருங்கள்.